சனிக்கிழமைக் கார்த்திகை

நவம்பர் 9, ஞாயிறு

எங்கள் பள்ளியில் மாணவர்கள் இரண்டு பேர். தலைமையாசிரியர், வகுப்பாசிரியர், மணி அடிப்பவர், மதியச் சாப்பாடு சமைப்பவர், கழிவறை கழுவுபவர் ஆகிய ஐந்து பதவிகளும் என்னிடம். இந்த டைரியை எழுதச் சொன்னது என் அக்கா தமயந்தி. திண்டிவனத்தில் முப்பத்தோரு வருடமாக வாத்தியார் வேலை, அதில் கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியை. நேற்று போனில் பிடித்துக்கொண்டாள்.

“வேலு, பிள்ளைங்களுக்கு என்னாதான்டா சொல்லிக் குடுக்குற?”

“எல்லாந்தான்க்கா.”

“எல்லாம்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். தினமும் எழுதி வை. டிசம்பர் அஞ்சாந் தேதி வரேன். வந்து பாத்துட்டுதான் முடிவு.”

முடிவு என்று அவள் சொன்னது இதைத்தான். என் மனைவி தாமரை இந்த இமாச்சல மலையில் ஒரு நீர்மின் திட்டத்தில் பொறியாளர். வேலை மேலே அணையில். நானும் பிள்ளைகளும் நாற்பது கிலோமீட்டர் கீழே, பள்ளத்தாக்குக் குடியிருப்பில். சனிக்கிழமை மதியம் இறங்கி வருவாள், திங்கள் விடிந்ததும் ஏறிவிடுவாள். போன வருடம் பிள்ளைகள் பதினோரு கிலோமீட்டர் தள்ளி உள்ள பள்ளிக்கு வேனில் போனார்கள். மழைக்காலத்தில் மண் சரிந்து அந்த வேன் ஒரு பகல் முழுவதும் நடுவழியில் நின்றது. அன்றோடு நிறுத்தினேன். நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். தாமரை நன்றாக யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். அக்கா வந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் பிள்ளைகள் திண்டிவனத்தில் அக்கா வீட்டில் தங்கிப் படிக்கட்டும். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டேன்.

அக்கா திரும்பிப் போக டிசம்பர் ஒன்பதாம் தேதி ரயிலில் மூன்று டிக்கெட் எடுத்திருக்கிறாள். ஒன்று அவளுக்கு. மற்ற இரண்டும் யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 10, திங்கள்

ஒன்பதுக்கு மணி அடித்தேன். மணி என்பது எவர்சில்வர் தட்டும் கரண்டியும். கபிலன், ஆறு வயது, ஒரு காலில் மட்டும் சாக்ஸோடு வந்தான். ஆதிரை, ஒன்பது வயது, எனக்கு முன்னாடியே வந்து பென்சில் சீவி வைத்திருந்தாள்.

எங்கள் பாடத்திட்டம் சுவரில் தொங்குகிறது. இங்கே கடையில் கிடைப்பது இந்திக் காலண்டர். அதில் ஆடிப்பெருக்கும் இல்லை, கார்த்திகை தீபமும் இல்லை. அதனால் மாதா மாதம் பெரிய சார்ட் தாளில் நானே காலண்டர் வரைகிறேன். தாமரைக்கு இங்கே வேலை கிடைத்து நாங்கள் கிளம்பும் வரை விழுப்புரத்தில் பதினான்கு வருடம் கட்டட வரைபடம் போட்டவன் நான். கோடு கோணாது. எந்தப் பண்டிகை வருகிறதோ அதுதான் அந்த மாதத்துப் பாடம். ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் இலை விட்டுத் தண்ணீரின் வேகத்தை அளந்தோம். நவராத்திரிக்கு அட்டைப்பெட்டியில் ஏழு படி கட்டி, அதிலேயே ஏழாம் வாய்ப்பாட்டை முடித்தோம். ஒரு பள்ளிக்கூடத்திலும் இப்படி நடக்காது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன்.

தீபாவளி அமாவாசையிலிருந்து ஆதிரை தினமும் நிலாவை வரைகிறாள். தேதி, நேரம், வடிவம், கீழே நாலு வரி. நான் தினமும் பார்த்து, சிவப்பு மையில் ‘நன்று’ போட்டுக் கையெழுத்திடுகிறேன். முறை என்றால் முறை.

தீபாவளி என்றதும் இன்னொன்று. அன்றைக்குத் தாமரைக்கு அணையில் வேலை, இறங்க முடியவில்லை. பட்டாசை எடுத்து வைத்து, ஐந்து நாள் கழித்து அவள் வந்ததும் வெடித்தோம். கபிலன் மத்தாப்பைக் கீழே போட்டுவிட்டு, “இது பொய் தீபாவளி. நெஜ தீபாவளி முடிஞ்சிடுச்சு” என்று அழுதான். தாமரை சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

நவம்பர் 12, புதன்

காலை எட்டு மணிக்குத் தாமரை பேசினாள். அணையில் வேலை மும்முரம், இனி சனிக்கிழமை தவிர வேறு நாள் இறங்குவது கஷ்டம் என்றாள். கார்த்திகை தீபம் டிசம்பர் மூன்று, புதன்கிழமை. அதைச் சொல்லி அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று, “பரவாயில்ல, நீ உன் வேலையப் பாரு” என்றேன். சிக்னல் சரியில்லாததால் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்தது.

பிறகு பின்னம். சப்பாத்தியை எட்டாக வெட்டினோம். கபிலன் எட்டில் மூன்றைச் சாப்பிட்டுவிட்டு மீதி ஐந்து என்றான். அவனாகச் சொன்னான்.

நவம்பர் 16, ஞாயிறு

கார்த்திகைப் பாடம் தொடங்கியது. ஆற்றங்கரையில் களிமண் எடுத்து அகல் விளக்கு செய்தோம். தாமரையும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். போன வாரம் முப்பத்தைந்து டிகிரி சரிவில் ஏறி இறங்கிய பொறியாளருக்கு ஓர் அகலின் விளிம்பு நேராக வரவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நவம்பர் 19, புதன்

காய்ந்த அகல்களைக் குழியில் அடுக்கி, பைன் சருகும் வறட்டியும் போட்டுச் சுட்டோம். செய்தது முப்பத்தொன்று. நான்கு வெடித்துவிட்டன. மீதி இருபத்தேழு. “இருபத்தேழு நட்சத்திரத்துக்கு இருபத்தேழு விளக்கு!” என்று ஆதிரை கத்தினாள். நான் அதை யோசிக்கவே இல்லை. யோசித்தது போல மெதுவாகத் தலையை ஆட்டினேன். மூன்றாவது விளக்குதான் கார்த்திகை என்று அதன் அடியில் ஆணியால் கீறி வைத்தாள்.

நவம்பர் 20, வியாழன்

அமாவாசை. ஆதிரை நோட்டில் கருப்பு வட்டம். கீழே என்னவோ எழுதியிருந்தாள். ரசம் பொங்கியதால் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

எங்கள் விழுப்புரம் பக்கம் கார்த்திகைக்கு மாவலி சுற்றுவோம். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்து, துணியில் இறுக்கக் கட்டி, பிளந்த பனை மட்டைக்கு நடுவில் வைத்து, கயிற்றில் கட்டி நெருப்பு வைத்துச் சுழற்றினால் ஆளைச் சுற்றிப் பொறி கொட்டும். இந்த ஊரில் பனைக்கு எங்கே போவது? பைன் மரக் காய்களைச் சுட்டுப் பொடித்தோம். மட்டைக்குப் பதில் மூங்கில் பிளாச்சு.

முதல் மாவலி வெறும் புகை. இரண்டாவது பாதியில் அறுந்து பக்கத்து வீட்டு முட்டைக்கோஸ் பாத்தியில் விழுந்தது. அந்த வீட்டு அம்மாள் இந்தியில் சொன்னது எனக்குப் புரியவில்லை, ஆனால் புரிந்தது. “பொடி ரொம்ப நைஸா இருக்குதுப்பா, காத்து உள்ள போகல” என்றாள் ஆதிரை. கொரகொரப்பாக இடித்துக் கல்லுப்பு கலந்தோம். மூன்றாவது மாவலி நன்றாகச் சுற்றியது. இந்தப் பரிசோதனையை அவள் தேதி போட்டு எழுதியிருக்கிறாள். அக்கா இதைப் பார்த்தால் வாயடைத்துப் போவாள்.

நவம்பர் 30, ஞாயிறு

டிசம்பர் தாள் வரைந்தேன்.

புதன்கிழமை மூன்றாம் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டேன். ஆறாம் தேதி, சனிக்கிழமை, அந்தக் கட்டத்தில் விளக்கு வரைந்து ‘திருக்கார்த்திகை’ என்று எழுதினேன்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. தாமரை சனிக்கிழமைதான் வருவாள். அக்கா மூன்றாம் தேதி ரயில் ஏறுகிறாள், அவளுக்கும் கார்த்திகை ரயிலில்தான். ஒரு பண்டிகையை மூன்று நாள் தள்ளி வைத்தால் எல்லோருக்கும் அது கிடைக்கிறது. தள்ளி வைத்தேன் என்று சொன்னால்தான் கபிலனுக்குப் பொய்யாகத் தெரிகிறது, சொல்லாவிட்டால் நிஜம். இந்தக் குடியிருப்பில் வேறு தமிழ்க் குடும்பம் கிடையாது. யார் சொல்லப்போகிறார்கள்? தாமரையும் தாளைப் பார்த்தாள். “ஆறாந் தேதியா? நல்லதாப் போச்சு, நான் இருப்பேன்” என்றாள். வேலை மும்முரத்தில் அவளுக்குத் தேதியே நினைவில்லை. அதுவும் நல்லதுதான்.

இந்தப் பக்கத்தை அக்காவிடம் காட்டும்போது கிளிப் போட்டு மூட வேண்டும்.

டிசம்பர் 1, திங்கள்

அக்காவிடம் போனில் விஷயத்தைச் சொல்லி, வந்து வாயைத் திறந்துவிடாதே என்றேன்.

“பண்டிகை நாள நீ எப்பிடிடா மாத்துவ? பஞ்சாங்கத்த உங்க ஊட்டுக்குத் தனியா அச்சடிச்சாங்களா?”

“பிள்ளைங்களுக்குத் தெரியாதுக்கா.”

“தெரியாதுன்னு நீ சொல்ற” என்று வைத்துவிட்டாள்.

டிசம்பர் 3, புதன்

டிவியில் படம் வரவில்லை. (தமிழ்ச் சேனலில் சாயங்காலம் மலை தீபம் காட்டுவார்கள். கேபிளைக் கழற்றியது நான்.) கபிலன் நம்பினான். ஆதிரை டிவிக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஐந்தேகாலுக்கு நிலா வரையப் போனவள் ஆறரை தாண்டித்தான் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது. இந்தக் குளிரில் என்ன படிப்பு ஆர்வம்! மிளகு ரசம் கொடுத்தேன். தீப்பெட்டியைக் காணவில்லை, லைட்டரால் அடுப்புப் பற்ற வைத்தேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு, திண்டிவனத்தில் எல்லா வாசலிலும் விளக்கு எரியும் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே குழல் விளக்கு.

டிசம்பர் 4, வியாழன்

அகல்களை எடுத்துத் துடைத்தபோது ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் இருந்தது. ஆணியால் கீறிய மூன்றாவது அகல்! பண்டிகைக்கு முன்னாடி விளக்கோடு விளையாட்டா என்று கபிலனைத் திட்டினேன். “நான் இல்லப்பா, நான் இல்லப்பா” என்று அழுதான். ஆதிரை தன் பங்குக் கடலை மிட்டாயை முழுவதும் அவனுக்குக் கொடுத்துவிட்டாள். கேட்காமலே கொடுத்தாள். இதெல்லாம் வீட்டுப் படிப்பின் பலன்.

நிலா நோட்டில் சில நாள் கையெழுத்து பாக்கி இருந்தது. அக்கா வருவதற்குள் மொத்தமாக முடித்தேன். நன்று. மிக நன்று. எழுத்து அழகு.

டிசம்பர் 5, வெள்ளி

அக்கா வந்துவிட்டாள். இரண்டு ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லா, கையில் முறுக்கு டின். வந்ததும் காபி கூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்தாள். டிசம்பர் தாளுக்கு முன்னால் நின்று மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கினாள். நான் காபியை இன்னொரு தடவை ஆற்றினேன்.

மதியம் பரீட்சை வைத்தாள். கபிலன் தமிழ்ப் பத்தியைத் தட்டுத் தடுமாறி வாசித்தான், ஆனால் பொருள் சொன்னான். அவனைக் கழித்தல் கணக்கில் மடக்கினாள். “கடன் வாங்கிக் கழிக்கத் தெரியலையேடா இவனுக்கு?” என்றாள் என்னிடம். ஆதிரைக்கு ஆங்கிலத்தில் பத்துச் சொல் கொடுத்தாள், மூன்று தப்பு. குறித்துக்கொண்டாள். மாவலிப் பரிசோதனையை ஆதிரை விளக்கியபோது அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முப்பத்தோரு வருடப் பயிற்சி.

அக்காவின் பைக்குள் மூன்று டிக்கெட்டும் இருக்கின்றன. காபி பொடியைத் தேடும்போது பார்த்தேன். இரண்டில் பிள்ளைகளின் பெயர். ஆதிரை, பெண், 9. கபிலன், ஆண், 6. அச்சில் பார்த்தால் அவர்கள் ஏற்கெனவே போய்விட்டது போல இருந்தது.

டிசம்பர் 6, சனி

தாமரை இரண்டு மணிக்கே வந்துவிட்டாள். பொரி உருண்டைக்கு நான் காய்ச்சிய பாகு முதல் தடவை கல்லாகிவிட்டது. அதைக் கபிலன் சுத்தியலால் உடைத்தான். அக்கா என்னை நகரச் சொல்லிவிட்டு இரண்டாவது பாகு காய்ச்சினாள்.

ஐந்தே முக்காலுக்கு இருபத்தேழு விளக்கும் ஏற்றினோம். வாசல்படியில், தொட்டி மேல், ஜன்னலில். முட்டைக்கோஸ் அம்மாள் கூட வெளியே வந்து நின்று பார்த்தாள். கபிலன் அவளுக்குப் பொரி உருண்டை கொண்டுபோய்க் கொடுத்தான். தாமரை மாவலி சுற்றினாள். சின்ன வயதில் அண்ணன்கள் இவளைச் சுற்ற விடமாட்டார்களாம். இன்று எட்டு மாவலியில் ஐந்தை அவளே சுற்றித் தீர்த்தாள். பொறி அவளைச் சுற்றி வட்டமாகக் கொட்டியது. பிள்ளைகள் இரண்டு பேரும் அம்மா அம்மா என்று குதித்தார்கள். இந்த ஒரு மணி நேரத்துக்காக நான் எந்தக் காலண்டரையும் மாற்றி வரைவேன்.

அப்போது கபிலன் கேட்டான். “அப்பா, கார்த்திகைன்னா முழு நிலா வரும்னு சொன்னீங்களே, எங்க?”

வானம் இருட்டாக இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து ஓர் அகலுக்கு எண்ணெய் ஊற்றினேன்.

“மலைக்கு அந்தப் பக்கம் இருக்குதுடா. இங்க மலை ஒசரம்ல, லேட்டாத்தான் வரும்” என்றாள் ஆதிரை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். ஏன் என்று புரியவில்லை. புகை பட்டிருக்கும்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் அக்கா எல்லா நோட்டையும் கேட்டாள். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நிலா நோட்டை மட்டும் இரண்டு மணி நேரம் பார்த்தாள். இடையில் ஒரு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். நான் கதவருகே துணி மடிப்பது போல நின்றேன். மெச்சப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

“இங்க வா. இத நீ படிச்சியா?”

“படிச்சேன்க்கா. கையெழுத்து இருக்குதே.”

“கையெழுத்து இருக்குது. படிச்சியான்னு கேட்டேன்.”

டிசம்பர் மூன்றாம் தேதிப் பக்கம். ஆதிரை எழுதியிருந்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

‘மாலை 5.20. நிலா மலை மேல் வந்தது. ஓரத்தில் நூல் அளவு குறைவு, மற்றபடி முழுசு. ஆறேகாலுக்குக் கையால் நிலாவை மறைத்துப் பார்த்தேன். பக்கத்தில் கார்த்திகை நட்சத்திரம் மங்கலாகத் தெரிந்தது. அதனால் இன்றுதான் கார்த்திகை. காலண்டரில் அப்பா 6 என்று போட்டிருக்கிறார். அப்பாவுக்குக் கட்டம் தப்பாது. தெரிந்துதான் போட்டிருக்கிறார். அம்மா சனிக்கிழமைதான் வருவாள். தம்பிக்குத் தெரிந்தால் பொய் கார்த்திகை என்று அழுவான். அப்புறம் அம்மா பாத்திரம் கழுவுவாள். இன்றைக்கு ஒரு விளக்காவது வேண்டும் என்று மூன்றாவது விளக்கைத் தொட்டி பின்னால் ஏற்றினேன். அப்பா இதைப் படிப்பார். படித்துவிட்டு யாரிடமும் சொல்ல மாட்டார். நானும் சொல்ல மாட்டேன்.’

அதன் கீழே சிவப்பு மையில்: ‘நன்று. எழுத்து அழகு.’ என் கையெழுத்து.

கையில் இருந்த துணியோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“நீ சொல்லிக் குடுத்த நிலாவ வச்சே உன்னப் புடிச்சிட்டா” என்றாள் அக்கா. “பாடம் நல்லாத்தான் நடக்குது வேலு. வாத்தியார்தான் சரியில்ல. அவளுக்குப் பாக்கத் தெரியுது, கணக்குப் போடத் தெரியுது. வாய மூடிக்கவும் தெரியுது. அது ஒண்ணுதான் எனக்குப் புடிக்கல. ஒம்பது வயசுப் பிள்ள அப்பனுக்காக ஏன்டா வாய மூடிக்கணும்?”

“பிள்ளைங்களுக்காகத்தான்க்கா மாத்தினேன்.”

“அப்பிடியா?” என்றாள். நோட்டை மூடி என் கையில் வைத்தாள்.

“நாளைக்கு நீயா அதுங்ககிட்ட சொல்லு. அப்புறம் டிக்கெட்டப் பத்திப் பேசலாம்.”

சாயங்காலம் தாமரையிடம் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். துணியை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, புதன்கிழமை லீவு போட முடியுமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“வேலை மும்முரம்னு சொன்னியே.”

“கஷ்டம்னு சொன்னேன். கேட்டிருந்தா வந்திருப்பேன்.”

டிசம்பர் 8, திங்கள்

தாமரை விடிந்ததும் போய்விட்டாள். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

ஒன்பதுக்கு மணி அடித்தேன். இரண்டு பேரும் வந்து உட்கார்ந்ததும், கார்த்திகை புதன்கிழமையே முடிந்துவிட்டது, காலண்டரில் நான் வேண்டுமென்றே மாற்றிப் போட்டேன், தப்பு என்னுடையது என்றேன். வேகமாகச் சொல்லி முடித்துவிட்டேன்.

கபிலன் உதடு பிதுங்கியது. “அப்ப சனிக்கெழமை பொய் கார்த்திகையா?”

“ஆமாடா.”

“மாவலி?”

“அது நெஜம்.”

“அம்மா சுத்துனது?”

“அதுவும் நெஜம்.”

கபிலன் கையைக் கட்டிக்கொண்டான். “அன்னிக்கி வெளக்கு அழுக்காச்சின்னு என்னத் திட்டுனீங்க. நான் இல்லவே இல்ல.”

“அதுவும் என் தப்புதான்.”

“அப்ப ஸ்டூல் மேல ஏறி நில்லுங்க.”

ஏறி நின்றேன். எங்கள் பள்ளியில் இந்தத் தண்டனை கிடையாது, போன வருடத்துப் பள்ளியில் பார்த்திருக்கிறான். சமையலறையிலிருந்து காபியோடு வந்த அக்கா, என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டம்ளரை மேலே நீட்டினாள். அப்படியே நின்று குடித்தேன். கபிலனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆதிரை சிரிக்கவில்லை. “எதுக்குப்பா இப்ப சொன்னீங்க? நம்ம ரெண்டு பேருக்கும் தெரியுந்தானே?”

இதைத்தான் சொல்ல முடியாமல் தள்ளிப்போட்டிருந்தேன். ஸ்டூலிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எனக்குத் தெரியாதும்மா. உன் நோட்ட நான் படிக்கல. படிக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“எந்தப் பக்கம்?”

“நெறைய பக்கம்.”

நோட்டைத் திறந்து அந்தச் சிவப்பு எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப அன்னிக்கி நான் தனியாத்தான் வெளக்கு வச்சேனா?”

அழுகை வந்தது. பிள்ளைகள் முன்னால், அக்கா முன்னால், தலைமையாசிரியர் அழுதார் என்று இந்த டைரியில் எழுதுகிறேன். கிளிப் போட்டு மூடப்போவதில்லை.

மதியம் முழுவதும் அவளும் நானும் நிலா நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தோம். அவள் வாசித்தாள், நான் கேட்டேன். நவம்பர் 12: ‘காலை 8.20. பாதி நிலா, வெள்ளையாக. அப்பா தொட்டி பின்னால் நிற்கிறார். போன் சமையல் மேடையில் இருக்கிறது.’ அதற்கும் நன்று போட்டிருக்கிறேன். நவம்பர் 20: ‘நிலா இல்லை. இல்லாவிட்டாலும் அங்கேதான் இருக்கிறது என்று அப்பா சொன்னார். அம்மாவும் அப்படித்தான் மேலே இருக்கிறாள்.’ இதை எழுதிய பிள்ளைக்கு நான் அப்பன். ரசம் பொங்கினால் பொங்கட்டும் என்று விட்டிருக்க வேண்டும்.

டிசம்பர் 9, செவ்வாய்

அக்காவைப் பேருந்து ஏற்றிவிட்டோம். மூன்று டிக்கெட்டில் இரண்டை நேற்று இரவே ரத்து செய்துவிட்டாளாம். பேருந்து நிலையத்தில்தான் சொன்னாள். அதுவரை என்னைத் தவிக்க விட்டது தண்டனையின் மீதி என்று நினைக்கிறேன்.

“கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லிக்குடு. இங்கிலீஷ் தெனம் பத்து வார்த்தை. ஜூன்ல மறுபடியும் வருவேன்” என்றாள். பிறகு ஜன்னல் வழியாகக் குனிந்து, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில், “முப்பத்தோரு வருஷத்துல நான் எத்தன நோட்டுல இப்பிடிக் கையெழுத்துப் போட்டேனோ, தெரியலடா” என்றாள். பேருந்து கிளம்பிவிட்டது. மங்கி குல்லாவோடு ரொம்ப தூரம் வரை கையாட்டினாள்.

டிசம்பர் 10, புதன்

ஒன்பதுக்கு மணி. இரண்டு பேரும் இரண்டு காலிலும் சாக்ஸோடு வந்தார்கள். வருகைப் பதிவு நூற்றுக்கு நூறு.

டிசம்பர் தாளை ஆதிரை திருத்தினாள். மூன்றாம் தேதிக் கட்டத்தில் ‘திருக்கார்த்திகை’ என்று எழுதினாள். ஆறாம் தேதியில் நான் வரைந்த விளக்கை அழிக்கவில்லை. எழுத்தை மட்டும் அடித்துவிட்டு ‘அம்மா மாவலி சுற்றிய நாள்’ என்று போட்டாள். அடுத்த வருடமும் இரண்டையும் கொண்டாட வேண்டும் என்று கபிலன் தீர்மானம் கொண்டுவந்தான். ஒருமனதாக நிறைவேறியது. ஜனவரித் தாளில் பொங்கல் வியாழக்கிழமை வருகிறது. இன்றே தாமரைக்குப் போன் செய்து லீவு கேட்கச் சொன்னேன். கேட்கிறேன் என்றாள்.

நிலா நோட்டில் கையெழுத்துப் போடப் போனபோது ஆதிரை கையை வைத்து மறைத்தாள்.

“நன்று போடாதீங்கப்பா. படிச்சீங்கன்னா என்ன படிச்சீங்கன்னு ஒரு வரி எழுதுங்க.”

பழைய பக்கங்களுக்கும் சேர்த்தே எழுத வேண்டுமாம். ஐம்பது பக்கம் வீட்டுப்பாடம். மதியத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் தேதிப் பக்கத்தில் இடமே இல்லை. ஓரத்தில், பக்கத்தைத் திருப்பிப் பிடித்து எழுதினேன்: ‘படித்தேன். இரண்டாவது விளக்கை நான் வந்து ஏற்றியிருக்க வேண்டும்.’

ஆதிரை அதை விரல் வைத்து வாசித்தாள். பிறகு என் கையிலிருந்து சிவப்புப் பேனாவை வாங்கி, அதன் கீழே ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.